திறன் குறைவு

கொருக்குப்பேட்டை கேட் தாண்டி, மூன்றாவது மாடி.
சட்டை கம்பெனி.
"மதியமானா பெட்டி சூடே ஏறல, வந்து பாருங்க"
என்று போனில் கூப்பிட்டது வாசுகலா.
மேலே போனதும் முதலில் திறந்தது
பெட்டி அல்ல, சூப்பர்வைசர் செலஸ்டினின் நோட்டு.
காலை ஷிப்டில் நூறு சட்டை.
மதியத்தில் எழுபத்தொன்று.
அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில்
'திறன் குறைவு.'

"பெட்டி புதுசு சார். ஆளுக்குத்தான்
சாப்பிட்டதும் கண்ணு சொருகுது."

என்னிடம் ரிச்சி தெருவில் வாங்கிய மீட்டர்,
சிவப்பு முனையில் டேப் சுற்றியது.
கூடவே, ஒயரைக் கடிக்காமல் கவ்வுகிற
இன்னொன்று.

தெருவில் மின்தடை என்றால் கரண்ட் போவது.
பாலிடெக்னிக்கில் மின்தடை என்றால்
கரண்ட் போகும்போது வழிமறித்து நிற்பது.
இரண்டாம் வருடம் வரை
இந்த ஒரு சொல்லிலேயே தடுக்கி விழுந்தவன் நான்.

பத்து மணி.
இருநூற்று முப்பது வோல்ட்.
கவ்வியில் நாலு புள்ளி மூணு அஞ்சு ஆம்பியர்.
தையல் சாக்கட்டி ஒன்றை எடுத்து
மேசை விரிப்பிலேயே போட்டேன் கணக்கை:
வகுத்தால் ஐம்பத்து மூன்று ஓம், ஒரு பிடி குறைய.
பெருக்கினால் ஆயிரம் வாட்.
பெட்டியின் வயிற்றில் அச்சடித்திருப்பதும் அதுவே.
செலஸ்டின் சிரித்தார்,
"நான் சொல்லல?"

டீ வந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று
முடிவே இல்லாமல் போனது.
நான் போகவில்லை.

இரண்டரைக்குப் பின்தெரு ஐஸ் ஃபேக்டரியில்
மோட்டார்கள் ஒவ்வொன்றாய் இரும ஆரம்பித்தன.
ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது.
பெட்டியின் சிவப்பு விளக்கு
எரிந்தது எரிந்தபடி, அணையவே இல்லை.
சூடு போதும் என்று அது சொல்லும் நேரம்
வரவே இல்லை.

நூற்று எண்பத்து நாலு வோல்ட்.
மூணு புள்ளி நாலு எட்டு.
வகுத்தேன்: அதே ஐம்பத்து மூன்று.
கம்பிச்சுருள் காலையில் இருந்தது போலவேதான்
மதியத்திலும் இருக்கிறது,
கண் சொருகவில்லை.
பெருக்கினேன்: அறுநூற்று நாற்பது.

"அஞ்சுல ஒரு பங்குதானே கொறஞ்சிருக்கு?"
என்றார் செலஸ்டின்.
வோல்ட்டில் ஒரு பங்கு, சார்.
அது விழும்போது ஆம்பியரையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழும்.
விழுந்ததை விழுந்ததால் பெருக்கணும்.
இதற்கும் புத்தகத்தில் பெயர் திறன்தான்.
உங்கள் நோட்டில் இருப்பதும் அதே சொல்,
ஆள்தான் மாறியிருக்கிறது.

அவர் குனிந்து
சாக்கட்டி எழுத்தை நெடுநேரம் பார்த்தார்.
பிறகு நல்ல கேள்வி ஒன்று கேட்டார்:
"அப்ப அறுபத்து நாலுதானே வரணும்?
எழுபத்தொண்ணு எப்படி வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை.
மீட்டரை ஏனோ ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

வாசுகலா சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"தண்ணி கம்மியா தெளிப்பேன்.
காலர்ல ரெண்டு கையும் வெச்சு ஏறி நிப்பேன்.
மூணு மணிக்கு மேல டீக்குப் போறதில்ல."
வலது தோளில்
ரவிக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது
மருந்துக்கடை பிளாஸ்திரி.

அந்த ஏழு சட்டைக்கு
என்னிடம் அலகு இல்லை.

ஸ்டெபிலைசர் போடலாம் என்றேன்,
வேறு பேஸுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றேன்.
முதலாளி வெள்ளிக்கிழமை வருவாராம்.
சிவப்பு மை அப்படியே இருந்தது.
அதன் மேல் ஒரு கேள்விக்குறி போட்டார் செலஸ்டின்,
பென்சிலில்.

கூலி இருநூற்றைம்பது.
'அயர்ன் பாக்ஸ் சோதனை, பழுது இல்லை'
என்று வவுச்சரில் எழுதச் சொன்னார்.
எழுதினேன். பொய்யில்லை.
கையெழுத்துக்குக் கீழே சின்னதாக
184 என்றும் எழுதினேன்.

இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன்.
என் கணக்கின் மேல்
வெள்ளைச் சட்டை ஒன்றை விரித்து
ஏறி நின்றுகொண்டிருந்தாள்.